முதலில் வீட்டைக் கேட்கும் பெட்டி

இது கட்டுக்கதை இல்லை. வளைகுடா ஊரான ஆமராத்தில், மலையை ஒட்டின மூன்றாவது தெருவில், போன வருடம் மே மாதம் நடந்தது. ஸுவைனா தன் போனை என் கையில் கொடுத்து, "நீங்களே படிச்சுப் பாருங்க" என்றாள். மணியும் நிமிடமும் வரிசையாக இருந்தன. என் கண்ணால் படித்தேன். கட்டிச் சொல்வதாக இருந்தால் கொஞ்சம் ரத்தம், ஒரு கறுப்புப் பூனை எல்லாம் சேர்த்திருப்பேன். நடுராத்திரி கூட இதில் கிடையாது. எல்லாமே பட்டப்பகலில், நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் நடந்தது. நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை.

ஸுவைனாவுக்கு நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடங்களுக்குப் போய்க் கணக்குப் பாடத்தைச் சோதிக்கிற ஆய்வாளர். அவள் வண்டி வாசலில் நின்றால் உள்ளே கணக்கு டீச்சர்கள் கரும்பலகையை அழித்து இன்னொரு தடவை எழுதுவார்கள். மணவிலக்காகிப் பதினான்கு வருடம். அதில் பதிமூன்று வருடம் அண்ணன் கல்ஃபான் வீட்டில், ஓரத்து அறையில், அவர் வைத்த ஏசி அளவில் குளிர்ந்துகொண்டு இருந்தாள். பிறகு ஒரு நாள் யாரையும் கேட்காமல் சொந்தமாக வீடு வாங்கிவிட்டாள். மூன்று வருடமாகப் பூட்டிக் கிடந்த வீடு.

கல்ஃபான் கெட்டவர் இல்லை. ஆனால் தங்கை தனியாக இருக்கிறாள் என்று யாராவது கேட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்.

"வீட்டுக்கு அலாரம் வை. கம்பெனிக்காரன் கண்காணிக்கிற மாதிரி. ஏதோ பிரச்னைன்னு எனக்கு ஒரே ஒரு போன் வரட்டும். அன்னிக்கே மூட்டையைக் கட்டிக்கிட்டு நீ என் வீட்டுக்கு வந்துடணும்."

"போன் வரலன்னா?"

"வாயே திறக்க மாட்டேன்."

"அண்ணி முன்னாடி சொல்லுங்க."

அண்ணி ராயாவைக் கூப்பிட்டு நிறுத்தி, அவள் முன்னாலும் சொல்லவைத்தாள். அதாவது, ஒரே ஒரு போன். அது வந்தால் வீடு போச்சு. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாளே கடைக்குப் போனாள். கடைக்காரர் ரஃபத், எகிப்துக்காரர், பேச ஆரம்பித்தால் தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்த மாட்டார். விளக்கு, ஏசி, கதவு, பூட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து ஆட்டிவைக்கிற பெட்டிகள் மூன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது பெரிய பெட்டி மேடம். கூடத்துல ஒரு கேமரா, அடுப்படியில ஒண்ணு, மாடிப்படியில ஒண்ணு. எங்க ஆளுங்க இருபத்துநாலு மணி நேரமும் பாத்துக்கிட்டே இருப்பாங்க."

"நான் தலையில துணி இல்லாம நடமாடறதை உங்க ஆளுங்க எதுக்குப் பாக்கணும்?"

ரஃபத் அந்தப் பெட்டியை உடனே மேசைக்கு அடியில் வைத்துவிட்டார். இரண்டாவதில் வீட்டுக்குள் கேமரா இல்லை. கதவு திறந்தாலோ ஆள் நடந்தாலோ தெரிந்துகொள்கிற சின்னச் சின்ன உணரிகள் மட்டும். ஆனால் ஒரு கதவு அசைந்தாலும் போதும், பதிவு செய்த எண்ணுக்கு நேராகப் போன் போகும். பதிவு செய்யப்போகிற எண் கல்ஃபானுடையது.

"காத்துக்குக் கதவு ஆடினாலும் போன் போகுமா?"

"போகும் மேடம். அவ்வளவு பாதுகாப்பு."

"இதையும் உள்ள வைங்க."

மூன்றாவது வெள்ளையாக, அழகில்லாமல் இருந்தது. கரண்ட் போனாலும் ஓடும் பேட்டரி, தனி சிம். கூடத்துச் சுவரில் மாட்ட ஒரு பேசும் பலகை. திறக்கக்கூடாத கதவு திறந்தால் கம்பெனி ஆள் முதலில் அந்தப் பலகை வழியாக வீட்டுக்குள் பேசுவார். ரகசியச் சொல் கேட்பார். சரியாகச் சொல்லிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது, வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு நிமிடம் பதில் இல்லையென்றாலோ, சொல் தப்பென்றாலோதான் அண்ணனுக்கும் போலீசுக்கும் போன் போகும்.

"அப்ப இது முதல்ல வீட்டைக் கேட்கும். அப்புறம்தான் என் அண்ணனைக் கேட்கும்."

"ஆமா மேடம்."

"இதையே குடுங்க."

சனிக்கிழமை ரஃபத் வந்து மாட்டினார். பெண்கள் வந்து போகிற பக்கக் கதவில் கேமரா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கதவுக்கு ஓர் உணரி, விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸ் அறைக்கு ஓர் உணரி. ரகசியச் சொல்லை ரஃபத் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, அவளே அழுத்தினாள். பிறக்காமலே போன மகளுக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் அது. முன்னாள் கணவருக்குக்கூடச் சொன்னதில்லை. எனக்கும் சொல்லவில்லை.

அடுத்ததுதான் அவள் செய்த தப்பு. எங்கள் பக்கத்தில் விருந்தாளி வாசலில் நின்று "ஹூத், ஹூத்" என்று குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து யாராவது வாருங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த வீட்டைப் பற்றி ஊர் பேசும். இந்தப் பெட்டியோ வாசலில் குரல் கேட்டால், ஓர் ஆணின் குரலில், "வீட்டுக்காரர் இப்போது வர இயலாது" என்றது.

ஸுவைனாவுக்கு முகம் சுருங்கியது.

"என்னங்க இது, பிச்சைக்காரனை விரட்டற மாதிரி. இதை அழிங்க. என் குரலை வைங்க."

பலகைக்கு முன்னால் நின்று, "வாங்க, உள்ள வாங்க" என்று பதிவு செய்தாள்.

"மேடம், நீங்க வீட்டுல இல்லாதப்பவும் இது வாங்கன்னு சொல்லும்."

"சொல்லட்டுமே. பூட்டு பூட்டித்தான இருக்கும்."

யார் வந்தாலும், பார்க்காமலே, வாங்க என்று சொல்கிற வீடு. எங்கள் ஊரில் வேறு யாராக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்கள். நானும்தான்.

ரஃபத் போகும்போது ஒன்றைப் பெருமையாகக் காட்டினார். பலகையின் மூலையில் ஒரு வரி. உள்ளே வந்தவர்களையும் வெளியே போனவர்களையும் பெட்டியே கூட்டிக் கழித்துப் போடுமாம். 'வீட்டில் இருப்பவர்: 1' என்று இருந்தது. அந்த ஒன்றைப் பார்த்து ஸுவைனா ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தாளாம்.

ஞாயிற்றுக்கிழமை. வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, படுத்திருந்தாள். தெருவில் நாய்கூட இல்லாத வெயில். மணி 3.17.

வாசலில் அவள் குரல் கேட்டது.

"வாங்க, உள்ள வாங்க."

எழுந்து உட்கார்ந்தாள். கூப்பிட்ட குரல் கேட்கவில்லை. பதில் மட்டும் கேட்டது. துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள். யாரும் இல்லை. வெளிக்கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. தெரு முழுக்க வெயில்தான். பூனை கத்தியிருக்கும் என்று திரும்பி வந்து போனைப் பார்த்தாள்.

3.17 வாசலில் குரல். பதில் அளிக்கப்பட்டது.
3.18 பக்கக் கதவு திறந்தது. மூடியது.
3.19 மஜ்லிஸில் நடமாட்டம்.

பக்கக் கதவுக்கு ஓடினாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. மஜ்லிஸில் சுவரோரமாகப் போட்ட மெத்தைகளும் திண்டுகளும் காலையில் வைத்தபடி இருந்தன. ஆள் இல்லை. ஆனால் கதவுக்கு வலப்பக்கம் முதல் மெத்தை நடுவில் கொஞ்சம் அமுங்கியிருந்தது... கையால் தட்டிச் சரி செய்தாள்.

கூடத்துப் பலகையில் 'வீட்டில் இருப்பவர்: 2'.

கதவு திறந்தது என்றால் கம்பெனிக்காரன் ஏன் பேசவில்லை என்று ஒரு கணம் தோன்றியது. விசாரிக்கலாம் என்று போனை எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள். விசாரித்தால் எழுதி வைப்பார்கள். எழுதினது எப்படியோ அண்ணன் காதுக்குப் போகும். புதுப் பெட்டி, ஏதோ கோளாறு. அப்படியே இருக்கட்டும்.

திங்கள், அதே 3.17. அதே குரல். இருப்பவர் மூன்று. இன்னொரு மெத்தையில் பள்ளம். மஜ்லிஸ் ஏசி தானாகப் பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கக் கதவுக்குப் பக்கத்தில் அவள் விட்டிருந்த செருப்பு வெளியே பார்த்துத் திரும்பியிருந்தது. அவள் எப்போதும் உள்ளே பார்த்து விடுகிறவள்.

செவ்வாய் காலை ரஃபத்துக்குப் போன் போட்டாள்.

"கணக்குத் தப்பா காட்டுது."

"அணைச்சுப் போடுங்க மேடம், ஒண்ணுக்கு வந்துடும்."

பேட்டரியைக் கழற்றி, பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி போட்டாள். பலகை விழித்தது. 'வீட்டில் இருப்பவர்: 3'.

அன்று மதியம் இருப்பவர் நான்கு.

புதன் ஆறு.

அவள் கணக்குக்காரி. இரண்டு, மூன்று, நான்கு, ஆறு... என்ன வரிசை என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தாளாம். எதற்கும் அடங்கவில்லை. பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது என்று என்னிடம் சொன்னாள். பேய் என்றால் ராத்திரி வர வேண்டியதுதானே, மனுஷி அசந்து தூங்குகிற நேரத்தில் வந்து என்ன மரியாதை இது என்று. ராத்திரியில் வீடு கப்சிப் என்று இருந்தது. நன்றாகத் தூங்கினாள். இதையும் அவளே சொன்னாள்.

யாரிடம் சொல்வது? ஓதிப் பார்க்கிறவரைக் கூப்பிட்டால் அன்று மாலையே தெருவுக்குத் தெரியும், மறுநாள் அண்ணனுக்குத் தெரியும். அதோடு, வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அண்ணனும் அண்ணியும் முதல் தடவையாக வீடு பார்க்க வருகிறார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் அந்தப் பதிவை அழித்தாள். பதில் சொல்லும் வசதியையே அணைத்தாள்.

வியாழன். வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, கூடத்தில் பலகைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

3.15.

3.16.

3.17... வாசலில் அவள் குரல்.

"வாங்க, உள்ள வாங்க."

அழித்த குரல். அதோடு நிற்கவில்லை. அவள் எப்போதும் பேசாத ஒரு வாக்கியம், அவள் குரலிலேயே வந்தது.

"எல்லாரும் வந்தாச்சு. நீங்கதான் பாக்கி."

பக்கக் கதவுப் பக்கம், 'க்ளிக்'.

மறுபடி, 'க்ளிக்'.

மறுபடியும்...

பலகையில் ஒன்பது.

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. அப்படியே உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். அவர்கள் எதையும் உடைக்கவில்லை. கத்தவில்லை. படுக்கையறைப் பக்கம் வரவில்லை. வருகிறார்கள், மஜ்லிஸில் உட்கார்கிறார்கள். அவ்வளவுதான். எதற்கோ காத்திருக்கிறார்கள்.

பிறகு பொறி தட்டியது. வாங்க என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, ஐந்து நாளாக ஒரு வாய் காப்பி கொடுக்கவில்லை. காப்பி குடிக்காமல் எந்த விருந்தாளி எழுந்து போவார்?

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே அடுப்பை மூட்டினாள். ஏலக்காய் தட்டிப் போட்டாள். கொஞ்சம் குங்குமப்பூ. ஒரு தட்டில் பேரீச்சம்பழம். அன்று 3.17க்கு வாசலில் குரல் எதுவும் இல்லை. வரவேண்டியவர்கள் எல்லாரும் வந்தாகிவிட்டது போல.

3.35க்கு மஜ்லிஸ் கதவைத் தள்ளினாள்.

குளிர் முகத்தில் அடித்தது. எட்டு மெத்தைகளில் எட்டுப் பள்ளங்கள். அவளையும் சேர்த்தால் ஒன்பது, கணக்கு சரி.

பிஸ்மில்லாஹ் சொல்லி, இடது கையில் கூஜா, வலது கையில் கோப்பையோடு, வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கு முன்னாலும் குனிந்து ஒரு கோப்பை வைத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. பிறகு நடுவில் நின்று பேசினாள்.

"கூப்பிட்டது என் குரல்தான், ஒத்துக்கறேன். கூப்பிட்டுட்டு அஞ்சு நாள் வெறும் வயித்தோட உக்கார வச்சது என் தப்பு. இந்தாங்க, குடிங்க. குடிச்சிட்டுக் கிளம்புங்க. நாலரைக்கு என் அண்ணன் வர்றார், அவருக்கு உக்கார இடம் வேணும்."

ஏசி மட்டும் ஓடியது.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். என்னைப் பயமுறுத்தி வெளிய அனுப்பலாம்னு யாராவது நினைச்சா, அது நடக்காது. பதிமூணு வருஷம் எங்க அண்ணியோட ஒரே அடுப்படியில காலம் தள்ளினவ நான். இது என் வீடு. நான் போக மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கூடத்துக்கு வந்து, பலகைக்கு முன்னால் ஒரு கையெட்டும் தூரத்தில் நின்றாள்.

3.52.

'க்ளிக்.' பக்கக் கதவு.

"எட்டு" என்றாள் வாய் விட்டு.

'க்ளிக்.'

"ஏழு... ஆறு..."

'க்ளிக்.'

"அஞ்சு... நாலு..."

"மூணு..."

"ரெண்டு..."

3.54. கடைசிக் 'க்ளிக்'.

"ஒண்ணு."

'வீட்டில் இருப்பவர்: 1.'

மஜ்லிஸுக்குப் போய்ப் பார்த்தாள். மெத்தைகள் உப்பியிருந்தன. எட்டுக் கோப்பையிலும் காப்பி அப்படியே இருந்தது. தொட்டால் விரல் மரத்துப்போகிற குளிர். எல்லாவற்றையும் கொட்டிக் கழுவினாள். பக்கக் கதவண்டை அவள் செருப்பு மறுபடி வெளியே பார்த்துக் கிடந்தது. காலாலேயே உள்ளே திருப்பிவிட்டாள்.

நாலரைக்குக் கல்ஃபான் வந்தார். மஜ்லிஸில் உட்கார்ந்து ஆறு பேரீச்சம்பழம் சாப்பிட்டார்.

"ஏன் இந்த அறை மட்டும் இவ்வளவு குளிருது?"

"என் வீட்டு ஏசி நல்லா வேலை செய்யுது அண்ணே."

ராயா தலையைக் குனிந்து சிரித்தாள். அதற்கப்புறம் கல்ஃபான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், வாயே திறக்கவில்லை. அந்த 3.17ம் திரும்ப வரவில்லை. வாரம் போனது, மாதம் போனது. ஸுவைனா மஜ்லிஸுக்குப் புதுத் திரைச்சீலை போட்டாள். என்னைக் கூப்பிட்டு விருந்து வைத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று ஒரு வருடம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த மே மாதம் கண்காணிப்புக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் இப்திஹால். காலை பத்து மணி இருக்கும்.

"மேடம், உங்க சந்தா முடியுது. புதுப்பிக்கணும். உங்களுக்குத் தள்ளுபடி உண்டு. வருஷத்துல ஆறே ஆறு எச்சரிக்கைதான், ஆறையும் நீங்களே சரியான சொல் சொல்லி மூடியிருக்கீங்க. ஒரு தடவைகூட உங்க அண்ணனைக் கூப்பிட வேண்டி வரல."

"எந்த ஆறு?"

"போன மே மேடம். ஞாயிறுலேர்ந்து வெள்ளி வரைக்கும். முதல் அஞ்சும் 3.21க்கு. கடைசி மட்டும் 3.54."

"நான் யார்கிட்டயும் பேசவே இல்லையே."

"பதிவு இருக்கே மேடம்."

"கடைசியைப் போட்டுக் காட்டும்மா."

முதலில் கம்பெனி ஆளின் குரல் வந்தது. "பக்கக் கதவு திறந்து திறந்து மூடுது மேடம். உங்க சொல்?"

ஒரு பெண் குரல் அந்தச் சொல்லைச் சொன்னது.

மகளின் பெயர். ஒரு தப்பில்லை.

ஸுவைனாவின் குரல் இல்லை அது. அவளுக்குத் தெரிந்த யாருடையதும் இல்லை. கொஞ்சம் வயதான, அவசரமே இல்லாத, வீட்டுக்காரியின் குரல்.

"எல்லாம் சரியா இருக்குதா மேடம்?"

"சரிதான் தம்பி. விருந்தாளிங்க கிளம்பறாங்க."

அந்தக் குரலுக்குப் பின்னால், மிகப் பக்கத்தில், இன்னொருத்தி எண்ணிக்கொண்டிருந்தாள்.

"...மூணு... ரெண்டு..."

அது ஸுவைனா.

அந்தப் பலகைக்கு முன்னால் அவள் தனியாகத்தான் நின்றிருந்தாள். எதுவும் கேட்கவில்லை அவளுக்கு. ஒரு வார்த்தைகூட.

"...ஒண்ணு."

வீட்டுக்காரி லேசாகச் சிரித்தாள்.

"எல்லாரும் போயாச்சு. ஒருத்தி மட்டும் போக மாட்டேங்கறா. வீடு அவளோடதாம்."

பதிவு முடிந்தது.

"மேடம்? இருக்கீங்களா? ஒரு வருஷத்துக்குப் போடட்டுமா? அப்புறம், புதுப்பிக்கறப்ப ரகசியச் சொல்லை மாத்திடறது நல்லது."

அப்போது கூடத்தில்தான் நின்றிருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டேன் என்று என்னிடம் சொன்னாள். பலகையில் 'வீட்டில் இருப்பவர்: 1' என்றே இருந்தது. அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, கூடத்தில் வேறு யாராவது இருந்தால் அவர்களுக்கும் கேட்கட்டும் என்று, சத்தமாகவே பதில் சொன்னாள்.

"ரெண்டு வருஷத்துக்குப் போடு. சொல்லை மாத்தாதே. மாத்தினா அவளுக்குத் தெரியாமப் போயிடும், நீங்க உடனே என் அண்ணனைக் கூப்பிடுவீங்க."